இரண்டு மணி, இரண்டாம் முறை

மின்கட்டண உறையின் முதுகில்
முதலில் எழுதியது: முந்நூற்று நாற்பது யூரோ.
அதன் அடியில் ஒரு கோடு.
கோட்டுக்குக் கீழேதான் எல்லாம் நடந்தது,
நாலு மாதமாக.

சலவைக்கூடத்தில்
ஆஸ்பத்திரி விரிப்பின் இரண்டு முனையை அவளும்
இரண்டு முனையை நானும் பிடித்தபடி
திராகிட்சா கேட்டாள், எதற்கு என்று.
வீட்டில் சுகிர்தனும் அதையே:
"கட்டி முடிச்சதே கடையில கிடக்கு,
தவணைக்கும் தாறாங்கள்."
கிடக்கிறதுதான்.
விற்கிறவனே திறந்து பார்க்காத பெட்டி.
இந்த நாட்டில் ஒரு பொருளையாவது
உள்ளே என்ன என்று தெரிந்து
வாங்க ஆசை எனக்கு.

பத்துப் பொருத்தம் பார்க்கத் தேவையில்லை.
செயலிக்கும் தாய்ப்பலகைக்கும்
ஒரே ஒரு பொருத்தம்:
ஆயிரத்து முந்நூற்று முப்பத்தொரு ஊசிக்கால்,
அத்தனைக்கும் குழி.
செயலி தொண்ணூற்றைந்து, படமும் தானே வரையும்.
வரைகலை அட்டையின் இடம் காலியாகவே இருக்கட்டும்,
வராத விருந்தாளிக்கு விட்ட கதிரை போல.
நினைவகம் பதினாறு ஒன்றாக அல்ல,
எட்டும் எட்டும். விரிப்பு மடிக்கிறவளுக்கு
இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.
மின்வழங்கி மட்டும் புதிது, ஐம்பத்தொன்பது.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொன்னார்கள்;
நெருப்பில் போடச் சொல்லவில்லை.

பலகை ரெம்ஷைடில், ஓர்ஹானிடம்.
நாற்பத்தைந்து, பழையது.
"வேலை செய்யும்," என்றான், "மறதி கொஞ்சம் இருக்கு."
ஏதோ பகிடி என்று நினைத்துச் சிரித்தேன்.
போய்வந்த செலவைக் கணக்கில் எழுதியிருக்கவில்லை.
மீதம் வைத்திருந்த பதினொன்று
அதோடு சரி.

கூடு தெருவில் கிடைத்தது.
பழஞ்சாமான் எடுக்கும் நாளுக்கு முதல்நாள்
ஃபோவிங்கெலில், கால் ஒடிந்த சோபாவுக்கும்
மழையில் ஊறிய மெத்தைக்கும் நடுவே.
பக்கத்தில் ஒட்டியிருந்த டைனோசரை
உரிக்கவில்லை.

அக்டோபர் கடைசிச் சனி. வேலை இல்லாத இரவு.
ஜன்னலுக்கு வெளியே தொங்குரயில்
கடைசியாக ஒருமுறை ஆற்றின் மேல் போய் ஓய்ந்தது.
குசினி மேசையில் போர்வை விரிக்காமல்,
கம்பளிச் சட்டையைக் கழற்றி எறிந்து,
தண்ணீர்க்குழாயைத் தொட்டுத் தொட்டு
உடம்பின் மின்னை இறக்கிவிட்டு
வேலையைத் தொடங்கினேன்.
செயலியை அழுத்தக் கூடாது, வைக்க வேண்டும்;
தானாக இறங்கும்.
பசை ஒரு பயறளவு.
ஒரு திருகாணி மிஞ்சியது. எதனுடையதோ.

பொத்தானை அழுத்தினேன்.
ஒன்றும் இல்லை.
மறுபடி.
வயிறு கலங்க, வழிகாட்டித் தாளைத் தலைகீழாகப் பிடித்து,
பிறகு நேராகப் பிடித்து,
இரண்டு மெல்லிய கம்பிகளை
ஓர் ஊசி தள்ளிச் செருகியதைக் கண்டேன்.
விசிறி சுழன்றது.
நாற்பது யூரோத் திரையில் வெள்ளை எழுத்து:
ஜனவரி ஒன்று, இரண்டாயிரத்துப் பதினேழு, நள்ளிரவு.

திருத்தினேன். அணைத்துப் போட்டேன்.
மறுபடி அதே ஜனவரி.
ஓர்ஹானின் பகிடி அப்போதுதான் விளங்கியது.
பலகையின் ஓரத்தில் காசு வடிவில் ஒரு பேட்டரி,
செத்துப்போய்.
கையில் காசும் இல்லை, திறந்த கடையும் இல்லை.
சமையல் தராசைக் கவிழ்த்தேன்.
அதே வட்டம், அதே எண்.
காலையில் சுகிர்தன் கேக்குக்கு மா நிறுப்பான்;
தராசு வாய் திறக்காது.
அதைக் காலையில் பார்க்கலாம்.

சுவரில் மணி மூன்றைத் தாண்டியிருந்தது.
கைபேசியில் இரண்டே கால்.
தேசம் முழுக்க ஒரு மணி நேரத்தைத்
திருப்பிக் கொடுத்த இரவு இது.
கோட்டுக்குக் கீழே
விலை போடாமல் எழுத இது ஒன்றுதான்.

நேரம் என்ன என்றது பெட்டி.
02:15 என்று அடித்தேன்.
முதலாவதா இரண்டாவதா என்று
அது கேட்கவில்லை.